ஓதுவார் குரலைச் சுமக்கும் சிறு அட்டை

ஆலய வழிபாட்டில் ஓசைக்கு உயர்ந்த இடம் உண்டு. மணியோசை, சங்கநாதம், நாதஸ்வரம், தவில், வேத மந்திரம், திருமுறை என ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் ஒலிக்கும்போதுதான் பூஜை நிறைவு பெறுகிறது. இவற்றுள் மணிக்கும் மேளத்துக்கும் ஒலிபெருக்கியின் துணை தேவையில்லை. வீதியின் கோடியில் நிற்பவர் காதிலும் அவை தாமே விழும். மனிதக் குரல் அப்படியன்று. அர்த்த மண்டபத்தில் நின்று ஓதுவார் பாடும் பதிகம், திருவிழாக் கூட்டத்தில் பத்து அடி தள்ளி நிற்பவரைக்கூட எட்டுவதில்லை. குரல் எட்டினாலும் சொல் எட்டுவதில்லை. சொல் புரியாத திருமுறை, முகம் தெரியாத தரிசனம் போன்றது.

இக்குறையைப் போக்கவே ஒலியமைப்புச் சீரமைப்பு நிதி திரட்டப்பட்டது. அன்பர்கள் பலரும் மனமுவந்து வழங்கினீர்கள். பணிகள் முடிந்த பின், "புதிய ஒலிபெருக்கி ஒன்றையும் காணோமே, பணம் எதற்குச் செலவாயிற்று?" என்று சிலர் கேட்டார்கள். மிக நியாயமான கேள்வி. விமானத்துக்கு வண்ணம் பூசினால் கண்ணுக்குத் தெரியும். வெள்ளிக் கவசம் சாத்தினால் உபயதாரர் பெயரைப் பொறிக்கலாம். இந்தத் திருப்பணியின் உயிர்நாடியோ, ஒலிக்கலவைக் கருவியாகிய மிக்சரின் பின்புறத்தில் மறைந்திருக்கும் ஒரு சிறு அட்டை. அதில் பெயர் பொறிக்கவும் இடமில்லை. ஆலயத்தின் ஒலியமைப்பைத் தொண்டாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், அது என்ன, எவ்வாறு பொருத்தப்பட்டது, என்ன பயன் தருகிறது என்பதை விளக்க விரும்புகிறேன். மற்ற ஆலயங்களில் இத்தகைய பணியை மேற்கொள்வோருக்கும் இது உதவக்கூடும்.

முன்பு இருந்த குறை

மைக்கிலிருந்து புறப்படும் மின்சாரம் மிகவும் மெலிந்தது. ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குகளே இருக்கும். முன்பு அந்த மெலிந்த மின்சாரத்தை அர்த்த மண்டபத்திலிருந்து மிக்சர் அறைக்கும், அங்கிருந்து திருமண மண்டபத்துக்கும் நீண்ட செப்புக் கம்பிகள் சுமந்து சென்றன. அதே வழியில் விளக்குகள், மின்விசிறிகள், திருவிழாக் காலத்துச் சரவிளக்குகள் ஆகியவற்றின் மின்கம்பிகளும் செல்கின்றன. நம் நாட்டின் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அந்த அலைவு மைக் கம்பியில் புகுந்தால், ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சலாகக் கேட்கும். ஓதுவார் மூச்சு வாங்கும் இடைவெளியில் நாம் கேட்டு வந்த 'உம்' என்ற ஓசை இதுதான். குரலை உயர்த்த முயன்றால் இரைச்சலும் சேர்ந்தே உயரும். பெரிய ஒலிபெருக்கி வாங்கியிருந்தால் பெரிய இரைச்சலைத்தான் வாங்கியிருப்போம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே குரல் சன்னதி, திருமண மண்டபம், அன்னதானக் கூடம், நேரலை ஒளிபரப்பு என நான்கு இடங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கம்பி, தனிப் பிரிப்பான். ஒரு கம்பி பழுதானால் எது என்று கண்டுபிடிப்பதற்குள் அர்ச்சனை முடிந்துவிடும்.

அட்டையின் பணி

இன்றைய மிக்சர்கள் பலவற்றின் பின்புறம், பிற்காலத் தேவைக்கென ஒரு பொந்து விடப்பட்டிருக்கும். தேவையான அட்டையை அதில் செருகி, கருவியின் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளலாம். நம் ஆலயத்தில் இருப்பது யமஹா டிஎஃப் வரிசை மிக்சர். அதற்கென உள்ள என்ஒய்64-டி என்னும் அட்டையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே நேரத்தில் 64 ஒலிவழிகளை உள்ளே வாங்கவும் 64 ஒலிவழிகளை வெளியே அனுப்பவும் வல்லது அது. 'டான்டே' என்னும் தொழில்நுட்பத்தில் அது இயங்குகிறது. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட ஆடினேட் என்னும் நிறுவனத்தின் படைப்பு டான்டே.

அது செய்யும் வேலையை எளிதாகச் சொல்லலாம். ஓதுவாரின் குரல் விநாடிக்கு 48,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 24 பிட் எண்ணாக எழுதப்படுகிறது. அந்த எண்கள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் அதே வகைக் கம்பியில் அனுப்பப்படுகின்றன. ஒரு குரலுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1.15 மில்லியன் பிட்டுகள் ஆகும். 64 குரல்களுக்கு ஏறக்குறைய 74 மில்லியன். நாம் பயன்படுத்தும் கிகாபிட் இணைப்பு விநாடிக்கு 1,000 மில்லியன் பிட்டுகளைத் தாங்கும் என்பதால் இடநெருக்கடி இல்லை.

குரல் எண்ணாக மாறிய பிறகு மின்விளக்கின் இரைச்சல் அதில் கலக்க வழியில்லை. ஆகவே, எவ்வளவு சீக்கிரம் குரலை எண்ணாக்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதற்காகவே டியோ1608-டி என்னும் மேடைப் பெட்டியை அர்த்த மண்டபத்தின் அருகில், மூடிய அலமாரியில் வைத்திருக்கிறோம். 16 மைக்குகளை வாங்கிக்கொண்டு 8 வழிகளில் ஒலியைத் திருப்பித் தரக்கூடியது அது. மைக் கம்பி இப்போது சில மீட்டர்களே. அதன் பின் குரல் எண்களாகவே பயணம் செய்கிறது.

பொருத்திய விதம்

முதலில் மிக்சரின் உள் மென்பொருளும் அட்டையின் உள் மென்பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகள்தாமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மிக்சரில் உள்ள பழைய அமைப்புகள் அனைத்தையும் யுஎஸ்பி நினைவகம் ஒன்றில் சேமித்து வைக்க வேண்டும். அதன் பிறகே கருவியில் கை வைக்கலாம்.

மின்சாரத்தை நிறுத்துவது மட்டும் போதாது. மின்கம்பியையே பிடுங்கிவிட வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் அட்டையின் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும். எனவே மிக்சரின் உலோக உடலைத் தொட்டு அதைப் போக்கிக்கொண்ட பின்னரே அட்டையை உறையிலிருந்து எடுக்க வேண்டும். ஓரங்களைப் பிடித்தே தூக்க வேண்டும். பின்களில் விரல் படக் கூடாது. பொந்தின் மூடியைக் கழற்றி, உள்ளே இருபுறமும் உள்ள தடங்களில் அட்டையை நேராக வைத்துத் தள்ளினால், கடைசியில் சற்று அழுத்தம் கொடுத்ததும் அது இணைப்பில் போய் அமரும். வளைத்தோ தட்டியோ செருகலாகாது. இறுதியாகத் திருகாணிகளை நன்றாக முடுக்க வேண்டும். அவை அட்டையைப் பிடித்திருப்பதோடு, நில இணைப்பையும் உறுதி செய்கின்றன. தளர்ந்த திருகாணி ஒன்றே எல்லாப் பயனையும் கெடுத்துவிடும்.

ஆலயத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கற்பூரப் புகை, சாம்பிராணிப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, திருநீற்றுத் துகள் ஆகியவை மின் இணைப்புகளில் மெல்லப் படிந்துவிடும். ஆகவே இந்த வேலையைப் பூஜை இல்லாத நேரத்தில், கதவடைத்த அறையில், துடைத்துச் சுத்தம் செய்த மேசையின் மீது செய்வதே நல்லது.

பெயரிடுதலும் இணைத்தலும்

அட்டை அமர்ந்ததும், ஒவ்வொரு கருவிக்கும் முதலில் பெயரிட வேண்டும். டான்டே முறையில் கருவிகள் ஒன்றையொன்று பெயரால்தான் தேடிக்கொள்கின்றன. இணைப்புகளைச் செய்து முடித்த பின் பெயரை மாற்றினால் அந்த இணைப்புகள் அறுந்துபோகும். கருவியின் பெயருக்கு ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவையே செல்லும். 31 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. நாங்கள் சன்னதி, மண்டபம், அன்னதானம், அலுவலகம் என்று இடத்தின் பெயரையே ஆங்கில எழுத்தில் இட்டோம். நாளை புதிதாக ஒருவர் வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

மிக்சரையும் மேடைப் பெட்டியையும் இணைப்பது எளிது. 'குவிக் கான்ஃபிக்' என்னும் வசதியை இரு கருவிகளிலும் இயக்கி, பெட்டிக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். வழிகள் தாமே இணைந்துகொள்கின்றன. மற்ற இடங்களுக்கான இணைப்புகளை 'டான்டே கன்ட்ரோலர்' என்னும் இலவச மென்பொருளின் வழியாகக் கணினியில் செய்ய வேண்டும். திரையில் ஒரு கட்டம் தோன்றும். அனுப்பும் கருவிகள் மேலேயும், வாங்கும் கருவிகள் இடப்புறமும் நிற்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் சொடுக்கினால் பச்சை நிற அடையாளம் வரும், அதுவே இணைப்பு.

இந்த இணைப்புகள், ஒலியை வாங்கும் கருவியின் நினைவிலேயே பதிந்துவிடுகின்றன. மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பி வந்தாலும் எல்லாம் தாமே மீண்டும் சேர்ந்துகொள்ளும். அன்றாடப் பூஜைக்குக் கணினி தேவையே இல்லை.

பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. திரையில் பச்சை அடையாளம் இருக்கும், குரல் வராது. மிக்சரில் அந்த வழி இன்னும் பின்புறத்து மைக் துவாரத்தையே கேட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒவ்வொரு வழியின் உள்ளீட்டையும் 'ஸ்லாட்' என்று மாற்றினால்தான் அட்டை கொண்டுவரும் குரல் மிக்சருக்குள் நுழையும்.

எல்லோருக்கும் ஒரே தாளம்

இந்த அமைப்பின் இதயம் கடிகாரம். மங்கள இசை மேடையில் இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் இருந்தாலும் தாளம் ஒன்றுதான். ஆளுக்கொரு தாளம் போட்டால் கச்சேரி நடக்காது. அதுபோலவே விநாடிக்கு 48,000 முறை அளக்கும் கருவிகள் அனைத்தும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். சிறிது முன்பின் ஆனாலும் 'டிக், டிக்' என்ற சொடுக்கோசை குரலின் ஊடே கேட்கும்.

டான்டே கருவிகள் தமக்குள் ஒன்றைத் தலைமைக் கடிகாரமாகத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. விரும்பினால் எது தலைமை ஏற்க வேண்டும் என்று நாமும் முன்னுரிமை தரலாம். எப்போதும் இயக்கத்தில் இருக்கும் கருவிக்கே அந்த முன்னுரிமையைத் தருவது நல்லது. ஆகவே மிக்சரில் உள்ள அட்டைக்குத் தந்தோம். மற்றவை பின்தொடர்கின்றனவா என்பதைத் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

தனிப் பாதை

இந்த எண்கள் செல்லும் வலையமைப்பை அலுவலகக் கணினிகளோடும் கண்காணிப்புக் கேமராக்களோடும் கலக்கவில்லை. தனி கிகாபிட் சுவிட்சுகளை வைத்தோம். சுவிட்சில் இரண்டு அமைப்புகள் முக்கியம். முதலாவது, மின்சிக்கனத்துக்காக இணைப்பை அவ்வப்போது உறங்க வைக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அது கடிகாரத்தைக் குலைக்கும். இரண்டாவது, கடிகாரச் செய்திக்கு முதலிடமும் ஒலிக்கு அடுத்த இடமும் கிடைக்கும்படி முன்னுரிமை வகுக்க வேண்டும்.

அட்டையில் இரண்டு கம்பித் துவாரங்கள் உள்ளன. சங்கிலித் தொடர் முறையில் அமைத்திருக்கும்போது, இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகினால் செய்திகள் வட்டமிட்டு வலையமைப்பே திணறிப்போகும். மாற்றுப்பாதை முறையில் அமைத்தால், இரண்டாவது துவாரத்துக்கு முற்றிலும் தனியான சுவிட்சு வேண்டும். வைஃபை வழியாக டான்டே ஒலியை அனுப்ப முயலக் கூடாது.

செப்புக் கம்பியில் இந்த இணைப்பு 100 மீட்டர் வரை செல்லும். அன்னதானக் கூடம் தனிக் கட்டடம். இடியும் மின்னலும் மிகுந்த நம் நாட்டில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்புக் கம்பி இழுப்பது ஆபத்து. மின்னலின் தாக்கம் அதன் வழியே இரு பக்கத்துக் கருவிகளையும் பாழாக்கக்கூடும். எனவே அங்கு மட்டும் கண்ணாடி இழையாலான ஃபைபர் கம்பியை இட்டோம். அதில் ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது.

தூரமும் தாமதமும்

காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. முன்னால் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குரல் வந்து சேர ஏறத்தாழ 90 மில்லி விநாடி ஆகும். ஆனால் அவர் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கி அதே சொல்லை உடனே சொல்லிவிடும். ஒரு சொல் இரண்டு முறை கேட்டு, எதிரொலிபோல் குழம்பும். மண்டபத்தின் பின்பகுதியில் சொல் தெளியாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது பின்வரிசை ஒலிபெருக்கிகளுக்கு அந்தந்தத் தூரத்துக்கு ஏற்பத் தாமதம் கொடுத்திருக்கிறோம். டான்டே வலையமைப்பு தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் தாமதம் 1 மில்லி விநாடி மட்டுமே. ஒலி காற்றில் ஒரு முழம்கூடக் கடக்காத நேரம் அது.

விளைந்த பயன்

ஓசை கூடவில்லை, தெளிவு கூடியிருக்கிறது. முன்பைவிடக் குறைந்த ஒலியளவில் பதிகத்தின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தொல்லை குறைந்தது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயக் கதவுகள் பக்தர்களுக்கு மூடப்பட்டபோது, நேரலை எவ்வளவு இன்றியமையாதது என்பதை எல்லோரும் உணர்ந்தோம். இன்றும் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் பலர் அதன் வழியாகவே பூஜையைக் காண்கிறார்கள். மண்டபத்தில் தவிலுக்கு மைக் தேவையில்லை. நேரலையில் மைக் இல்லாவிட்டால் தவில் எங்கோ தொலைவில் கேட்கும். இப்போது ஒரே குரல்களைக் கொண்டு மண்டபத்துக்கு ஒரு கலவையும் நேரலைக்கு வேறொரு கலவையும் தர முடிகிறது.

எனக்கு இவை அனைத்தையும்விடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தேவாரப் பதிகங்களுக்குப் பண் உண்டு. பண்ணைப் புத்தகத்தில் படித்துக் கற்க இயலாது. ஓதுவார் பாடக் கேட்டே கற்க வேண்டும். தமிழகத்திலிருந்து வரும் ஓதுவார்களோ வேலை அனுமதிக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நம் சமய வகுப்புப் பிள்ளைகள் ஒரு குரலுக்குப் பழகி, பண்ணின் போக்குப் பிடிபடத் தொடங்கும் வேளையில் அந்தக் குரல் விமானம் ஏறிவிடுகிறது. இப்போது அலுவலகக் கணினியில் உரிமம் பெற்ற ஒரு மென்பொருளை இட்டு, வலையமைப்பின் வழியே ஓதுவாரின் குரலைத் தனியாகவும், சுருதியைத் தனியாகவும், பிள்ளைகளின் குரலைத் தனியாகவும், அவர் சம்மதத்தோடு பதிவு செய்கிறோம். ஒரு குரலின் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 518 மெகாபைட் இடம் போதும். ஓதுவார் ஊர் திரும்பினாலும் அவர் பாடிய பண் இங்கே தங்கும். பின்னால் வரும் பிள்ளை, மேள ஓசையோ கூட்ட இரைச்சலோ இன்றி, அந்தக் குரலை மட்டும் கேட்டுப் பயிலலாம்.

காக்க வேண்டியவை

கருவி வாங்குவது ஒரு நாள் வேலை, காப்பது ஆண்டு முழுவதும். இயக்கும்போது முதலில் சுவிட்சுகள், அடுத்து மிக்சரும் மேடைப் பெட்டியும், கடைசியில் ஒலிபெருக்கிகளின் மின்பெருக்கிகள் என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறாக, மின்பெருக்கிகளை முதலில் நிறுத்த வேண்டும். இல்லையேல் 'டப்' என்ற அதிர்ச்சியோசை ஒலிபெருக்கிகளைப் பழுதாக்கும். சுவிட்சுகளுக்கும் மிக்சருக்கும் மின்தடையைத் தாங்கும் யுபிஎஸ் வேண்டும். அமைப்பில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிய பிரதி ஒன்றைச் சேமிக்க வேண்டும். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை எழுதிய ஏடு மிக்சர் அறையிலேயே இருக்கிறது. அதைப் படித்தறிந்தவர்கள்தாம் இன்னும் போதவில்லை. பொருத்தியவர்கள் போய்விட்டால் கருவி முடங்கிப்போவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஆகவே இளைஞர்கள் இருவராவது முன்வந்து இந்தத் தொண்டைக் கற்றுக்கொள்ள வேண்டுகிறேன். சுவிட்சு, யுபிஎஸ் மின்கலம், மைக் கம்பி போன்றவை காலப்போக்கில் மாற்றப்பட வேண்டியவை. ஆண்டுதோறும் அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்க நிர்வாகத்தினரும் உபயதாரர்களும் மனம் வைக்க வேண்டும்.

அன்பார்ந்த உபயதாரப் பெருமக்களே, தாங்கள் அளித்த பொருள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அடுத்த முறை சாயரட்சை பூஜைக்கு வரும்போது, மண்டபத்தின் கடைசித் தூணருகில் நின்று பாருங்கள். ஓதுவார் பாடும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக உங்கள் செவியில் விழும். தாங்கள் தந்தது அங்கேதான் இருக்கிறது. திருவருள் அனைவரையும் காத்து நிற்பதாக.